மார்பில் குத்திய தேர்தல்

அமெரிக்க அதிபர் தேர்தல் பேட்ஜ் என்பது சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வட்டத் தகடு. முன்பக்கத்தில் வேட்பாளரின் முகமோ பெயரோ ஒரு வரி முழக்கமோ இருக்கும். பின்பக்கத்தில் வளைத்த கம்பி ஊசி. சட்டைப் பொத்தான் அளவிலும் உண்டு, உள்ளங்கையை மறைக்கும் அளவிலும் உண்டு. லட்சக்கணக்கில் அடித்து, நெடுங்காலம் இலவசமாகவே விநியோகிக்கப்பட்டு, வாக்குப்பதிவு முடிந்ததும் கழற்றி எறியப்பட்ட பொருள். எறியாமல் மேசை இழுப்பறையிலும் தையல் டப்பாவிலும் தங்கிப்போனவை இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலக் கூடங்களிலும் இருக்கின்றன. 2022-ல் ஹேக்ஸ் ஏல நிறுவனத்தில் 1920-ஆம் ஆண்டுத் தேர்தலின் பேட்ஜ் ஒன்று 1,85,850 டாலருக்குப் போனது. அதில் படம் இருந்த இருவரும் அந்தத் தேர்தலில் படுதோல்வி அடைந்தவர்கள்.

இந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டது, யார் காசில் அடிக்கப்பட்டது, யார் அணிந்தார்கள் என்று பார்த்தால்தான் அந்த விலை புரியும்.

பொத்தானாகவே இருந்த காலம்

அமெரிக்கர்கள் இதை இன்றும் ‘பட்டன்’ என்றே அழைக்கிறார்கள். காரணம், தொடக்கத்தில் அது கோட்டில் தைக்கிற நிஜப் பொத்தான். 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்றபோது, அதைக் கொண்டாடச் செம்பிலும் பித்தளையிலும் பொத்தான்கள் செய்யப்பட்டன. ஒரு வகைப் பொத்தானின் நடுவில் ‘ஜி.டபிள்யூ.’ என்ற முதலெழுத்துகள். அவற்றைச் சூழ்ந்து ‘அதிபர் நீடு வாழ்க’ என்ற வாழ்த்து. விளிம்பில் 13 மாநிலங்களின் பெயரெழுத்துகளைத் தாங்கிய 13 சங்கிலி வளையங்கள். மன்னருக்குச் சொல்லிப் பழகிய வாழ்த்தில் மன்னரை எடுத்துவிட்டு அதிபரை வைத்திருக்கிறார்கள். இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. அந்த ஏப்ரலில் வட கரோலைனாவும் ரோட் ஐலண்டும் புதிய அரசமைப்பை இன்னும் ஏற்கவில்லை. சங்கிலியில் அவற்றுக்கும் வளையம் பொறித்துவிட்டார் பொத்தான் செய்தவர். நாடு சட்டப்படி ஒன்றாவதற்கு முன்பே கோட்டில் ஒன்றாகிவிட்டது.

வாஷிங்டனுக்குப் போட்டியே இல்லை என்பதால் அவை பிரசாரப் பொருட்கள் அல்ல, நினைவுப் பொருட்கள். வாக்கு கேட்பதற்காக உலோகத்தைப் பயன்படுத்துவது ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில், 1820-களில் தொடங்கியது. நாணயம் போன்ற பித்தளை வில்லைகளில் அவர் உருவத்தைப் பொறித்து, துளையிட்டு, நூலில் கோத்து அணிந்தார்கள்.

இந்த வழக்கம் பெருவெள்ளமானது 1840-ல். விக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு அப்போது 67 வயது. எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று, அவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் கொஞ்சம் ஓய்வூதியமும் கொடுத்தால் மரக்குடிசையில் உட்கார்ந்து மிச்ச நாளைக் கழித்துவிடுவார் என்று ஏளனம் செய்தது. விக் கட்சியினர் அந்த ஏளனத்தையே கொடியாக்கினார்கள். மரக்குடிசையும் பீப்பாயும் கோட்டுப் பொத்தானில், கைக்குட்டையில், பீங்கான் தட்டில் என்று எங்கும் பதிக்கப்பட்டன. ஹாரிசன் உண்மையில் வர்ஜீனியாவின் செல்வந்தப் பண்ணையார் குடும்பத்தில் பிறந்தவர். குடிசை அவர் வாழ்க்கையைவிடப் பொத்தான்களில்தான் அதிகம் இருந்தது. அவர் போரிட்ட டிப்பகனூ என்ற இடப்பெயரையும், துணை அதிபர் வேட்பாளர் டைலரின் பெயரையும் சேர்த்து எழுந்த ‘டிப்பகனூ அண்ட் டைலர் டூ’ என்ற முழக்கம் மோனையால் நின்றது. கொள்கையைச் சொல்லாமல் ஓசையால் பிடித்துக்கொள்ளும் அந்த உத்தியைப் பிற்காலப் பேட்ஜ்கள் கைவிடவே இல்லை. ஹாரிசன் வென்றார், பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தும்போனார்.

வாக்காளர் தன் வேட்பாளரின் உண்மையான முகத்தை மார்பில் அணியும் வாய்ப்பு 1860-ல் வந்தது. மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாகப் புகைப்படம் பதிக்கும் ‘டின்டைப்’ முறைக்கு 1856-ல்தான் காப்புரிமை கிடைத்திருந்தது. மலிவான முறை அது. கட்டைவிரல் நகம் அளவுத் தகட்டில் படம் பதித்து, பித்தளை வளையத்தில் பொருத்தி, மேலே துளையிட்டு ரிப்பனில் தொங்கவிட்டார்கள். ஒரு பக்கம் ஆபிரகாம் லிங்கன், மறுபக்கம் துணை அதிபர் வேட்பாளர் ஹானிபல் ஹாம்லின். அந்த ஆண்டு களத்தில் இருந்த டக்ளஸ், பிரெக்கின்ரிட்ஜ், பெல் ஆகியோருக்கும் இதே வகைப் பதக்கங்கள் உண்டு. 1860 லிங்கன் பதக்கங்கள் பலவற்றுக்கு மூலம், அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று நியூயார்க் கூப்பர் யூனியன் அரங்கில் அவர் உரையாற்றிய நாளில் மேத்யூ பிராடி எடுத்த படம். அதில் லிங்கனுக்குத் தாடி இல்லை. 1864 பதக்கங்களில் தாடி இருக்கிறது. இடையில் நான்கே ஆண்டுகள். ஆனால் அதில் உள்நாட்டுப் போரின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இரண்டு பதக்கங்களையும் அருகருகே வைத்தால் ஒரு மனிதர் மூப்படைந்த வேகம் கண்ணில் படும். அதிபர் தேர்தல் பொருட்களில் இவற்றைவிட மனதைத் தொடுபவை அரிது.

1896: தகடு, தாள், செல்லுலாய்டு

இன்றைய பேட்ஜ் பிறந்த ஆண்டு 1896. பிறந்த ஊர் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க். பெஞ்சமின் வைட்ஹெட், செஸ்டர் ஹோக் என்ற இருவர் 1892-ல் அங்கே தொடங்கிய வைட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம், பாஸ்டனைச் சேர்ந்த அமாண்டா லூஜி என்ற பெண்மணி 1893-ல் பெற்ற பொத்தான் காப்புரிமையை வாங்கியது. அதை வளர்த்தெடுத்து, பின்பக்க ஊசி அமைப்புக்கான காப்புரிமையை 1896 ஜூலை 21 அன்று பெற்றது. தேர்தலுக்கு மூன்றரை மாதமே இருந்தது. சந்தையும் கருவியும் ஒரே நேரத்தில் தயாராயின.

செய்முறை எளிது. ஒரு வட்டத் தகரக் கிண்ணம். அதன்மேல் அச்சிட்ட தாள். தாளின்மேல் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் மெல்லிய செல்லுலாய்டு. மூன்றையும் அச்சில் வைத்து அழுத்தினால் தாளும் செல்லுலாய்டும் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் மடங்கும். பின்னால் ஒரு உலோக வளையம் அவற்றை இறுக்கிப் பிடிக்கும். வளையத்துக்குள் விறைப்பான கம்பியை வளைத்துச் செருகினால் ஊசி தயார். திருகு இல்லை, பசை இல்லை, தையல் இல்லை. அச்சகத்தில் எத்தனை வண்ணம் முடியுமோ அத்தனை வண்ணமும் சட்டையில் ஏறும். அதுவரை பித்தளையில் முத்திரை குத்திக்கொண்டிருந்த தொழிலுக்கு இது பெரிய பாய்ச்சல்.

அந்த ஆண்டுத் தேர்தலும் சாதாரணத் தேர்தல் அல்ல. குடியரசுக் கட்சியின் வில்லியம் மெக்கின்லி, டாலருக்குத் தங்கமே ஆதாரம் என்றார். ஜனநாயகக் கட்சியின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்ற விகிதத்தில் வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்கக் கோரினார். கடனில் மூழ்கிய மேற்கு, தெற்கு விவசாயிகளுக்கு வெள்ளி என்றால் பணப்புழக்கம். கிழக்கின் வங்கிகளுக்குத் தங்கம் என்றால் பாதுகாப்பு. இவ்வளவு சிக்கலான பொருளாதார வாதத்தை ஒரு அங்குல வட்டத்துக்குள் எப்படிச் சொல்வது? வடிவமைப்பாளர்கள் அசந்துபோகும் விடைகளைக் கண்டார்கள். பிரையன் பேட்ஜ்களில் ஒன்று கடிகார முகமாக இருந்தது. முட்கள் காட்டும் நேரம் 12 மணி 44 நிமிடம். ஆங்கிலத்தில் அந்த நேரத்தைச் சொன்னால் ‘ஒன்றுக்குப் பதினாறு’ என்றே வரும். மெக்கின்லி தரப்பு தங்கநிற வண்டுகளைச் செய்தது. அழுத்தினால் இறக்கை விரியும், ஒரு இறக்கையில் மெக்கின்லி, மறு இறக்கையில் துணை வேட்பாளர் ஹோபார்ட். வெள்ளிக்காரர்கள் வெள்ளி வண்டுகளால் பதில் சொன்னார்கள். சூயிங்கம் வாங்கினால் வேட்பாளர் பேட்ஜ் இலவசம் என்ற விற்பனை உத்தியும் அந்த ஆண்டிலேயே வந்துவிட்டது.

பிரையன் ரயிலில் 18,000 மைல் அலைந்து பேசினார். மெக்கின்லி தன் கேன்டன் நகர வீட்டுத் திண்ணையைவிட்டு நகரவில்லை. அவருடைய பிரசாரத்தை நடத்திய மார்க் ஹன்னா சுமார் 35 லட்சம் டாலர் திரட்டினார். அந்தப் பணம்தான் பேட்ஜாகவும் துண்டுப் பிரசுரமாகவும் நாடெங்கும் போனது.

இதே காலத்தில் நடந்த இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1880-கள் வரை அமெரிக்காவில் வாக்குச்சீட்டை அச்சிட்டது அரசு அல்ல, கட்சிகள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறத் தாள், ஒரு அளவு. யார் எந்தச் சீட்டைப் பெட்டியில் போடுகிறார் என்பது சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாக்கே ஒரு பகிரங்க அறிவிப்பு. 1888-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசே அச்சிட்ட ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தது. 1896 தேர்தலுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றிவிட்டன. வாக்கு திரைக்குப் பின்னால் போன அதே சில ஆண்டுகளில்தான் வேட்பாளரின் முகம் சட்டை மடிப்புக்கு வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் நேரடிக் காரண உறவு உண்டு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விளைவு தெளிவு: அதுவரை கட்டாயமாக வெளிப்பட்ட விருப்பம், அதன்பின் விரும்பினால் வெளிப்படுத்தலாம் என்றானது. பேட்ஜ் அணிவது வாக்காளர் தானாக எடுத்த முடிவு. இந்தச் சின்னஞ்சிறு தகட்டின் கண்ணியம் அதில்தான் இருக்கிறது.

பொற்காலமும் அதன் கறையும்

1896-லிருந்து முதல் உலகப் போர்க் காலம் வரையிலான ஆண்டுகளைச் சேகரிப்பாளர்கள் பொற்காலம் என்பார்கள். அந்தப் பெயர் பொருந்தும். கழுகு, கொடி, சுதந்திர தேவி, தானியம் வழியும் கொம்பு, தொழிற்சாலைப் புகைபோக்கி எல்லாம் பல வண்ணத்தில், நுண்ணோவியம் போன்ற துல்லியத்துடன் அச்சாயின. 1900-ல் மெக்கின்லிக்காக வெளிவந்த பேட்ஜ் ஒன்று ‘புகைக்கிறீர்களா?’ என்று கேட்டு, ‘ஆம், 1896 முதல்’ என்று பதிலும் சொன்னது. கேள்வி சிகரெட்டைப் பற்றியது அல்ல. தன் ஆட்சியில் ஆலைகள் மூடாமல் ஓடுகின்றன என்பதை மெக்கின்லி தரப்பு அப்படிச் சொன்னது. அந்த ஆண்டு மே 28 அன்று அமெரிக்காவின் தென்கிழக்கில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. உடனே ‘கிரகண’ பேட்ஜ்கள் வந்தன: மெக்கின்லியின் முகம் பிரையனின் முகத்தை மறைத்தபடி ஒன்று, பிரையன் மெக்கின்லியை மறைத்தபடி ஒன்று.

அதே அழகிய தொழில்நுட்பம் வெறுப்பையும் சுமந்தது. 1901 அக்டோபர் 16 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். தெற்கு மாநிலங்களின் வெள்ளையர்கள் கொதித்தார்கள். 1904 தேர்தலில் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் படத்துடன் ‘சமத்துவம்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தாங்கிய பேட்ஜ்கள் வந்தன. கறுப்பின வாக்காளர்களிடம் அவை பெருமிதமாகப் போயின. தெற்கில் ரூஸ்வெல்ட்டின் எதிரிகள் அதே காட்சியை இனவெறியைத் தூண்டப் பயன்படுத்தினார்கள். சில அச்சுகளில் வாஷிங்டனின் முகத்தைக் கேலிச்சித்திரமாக்கினார்கள். சொல் ஒன்று, படம் ஒன்று. ஆனால் அணிந்தவரைப் பொறுத்துப் பொருள் நேர் எதிர். ஒரு பேட்ஜை அது எங்கே, யாரால் அணியப்பட்டது என்று தெரியாமல் வாசிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1920-ல் வந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். போருக்கு எதிராகப் பேசியதற்காக அட்லாண்டா சிறையில் இருந்த சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ், சிறையிலிருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்றார். ‘அதிபர் பதவிக்கு: கைதி எண் 9653’ என்றது அவருடைய பேட்ஜ். 9 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அவருக்கு விழுந்தன.

தோற்றவர்களின் விலை

அதே 1920-ல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஓஹாயோ ஆளுநர் ஜேம்ஸ் காக்ஸ். துணை அதிபர் வேட்பாளர், 38 வயது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். கட்சியிடம் பணம் இல்லை. இருவர் படத்தையும் சேர்த்து அச்சிட்ட பேட்ஜைச் சேகரிப்பாளர்கள் ‘ஜூகேட்’ என்பார்கள்; இணைத்துக் கட்டப்பட்டது என்ற லத்தீன் வேர். காக்ஸ்-ரூஸ்வெல்ட் பெயர்கள் மட்டும் உள்ள மலிவான பேட்ஜ்கள் ஓரளவு கிடைக்கின்றன. இருவர் முகமும் சேர்ந்தவை எல்லா வகையும் சேர்த்து எண்ணினாலும் மிகச் சொற்பம். வாரன் ஹார்டிங் 60 சதவீத வாக்குகளுடன் வென்றார், காக்ஸ் மறக்கப்பட்டார். ஆனால் பக்கத்தில் இருந்த இளைஞர் 12 ஆண்டுகள் கழித்து அதிபராகி, நான்கு முறை வென்று, பொருளாதாரப் பெருமந்தத்தையும் உலகப் போரையும் எதிர்கொண்டார். வருங்காலப் பேரதிபரின் முதல் தேசியத் தேர்தல் பேட்ஜ் அது. அடித்தது குறைவு, தேடுபவர்கள் அதிகம். ஏலத்தில் 1,85,850 டாலர் பெற்ற பேட்ஜ் இந்த இணைக்குரியது.

ஆக, வெற்றியும் புகழும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை அடித்தார்கள், எத்தனை தப்பின, எத்தனை பேருக்கு வேண்டும் என்பதே கணக்கு. இதை உணராமல் ஏமாறுபவர்கள் ஏராளம். 1972-ல் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மக்கவர்ன், தாமஸ் ஈகிள்டனைத் துணை வேட்பாளராக அறிவித்தார். மன அழுத்தத்துக்கு ஈகிள்டன் மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றிருந்தது வெளியே தெரிந்ததும், மூன்று வாரம் முடிவதற்குள் அவர் விலகினார். சார்ஜென்ட் ஷ்ரைவர் அந்த இடத்துக்கு வந்தார். அற்ப ஆயுளில் முடிந்த இணையாயிற்றே, பேட்ஜுக்கு நல்ல விலை வரும் என்று அன்றைக்கே பலர் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அது இன்றும் சில டாலருக்குக் கிடைக்கிறது.

முகம் போய் முழக்கம் வந்தது

முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி உற்பத்தி முறை மாறத் தொடங்கியது. தாளும் செல்லுலாய்டும் இல்லாமல், தகரத் தாளின் மேலேயே மையால் அச்சிட்டு, பிறகு வட்டமாக வெட்டி மடக்கும் லித்தோ முறை வந்தது. செலவு மிகக் குறைவு, எண்ணிக்கை மிக அதிகம். ஆனால் எளிதில் கீறல் விழும், நுண்ணிய வண்ணம் வராது. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றோடு பெயரும் ஒரு வரியும் என்று வடிவமைப்பு சுருங்கியது. அழகில் இது இழப்பு. மொழியில் இது லாபம்.

1936-ல் கான்சாஸ் ஆளுநர் ஆல்ஃபிரட் லேண்டன் தன் மாநில மலரான சூரியகாந்தியைச் சின்னமாக்கினார். பேட்ஜைச் சுற்றி மஞ்சள் கம்பளித் துணி இதழ்கள். சூரியகாந்தி நவம்பரில் பூக்காது என்றார்கள் ஜனநாயகக் கட்சியினர். லேண்டனுக்கு இரண்டே மாநிலங்கள் கிடைத்தன.

சொற்போரின் உச்சம் 1940. இரண்டு முறைக்கு மேல் எந்த அதிபரும் பதவியில் இருந்ததில்லை என்ற மரபை மீறி ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நின்றார். எதிர்த்து நின்றவர் வெண்டல் வில்கி. அவர் தரப்பு பேட்ஜ்களில் வில்கியின் பெயரைவிட ரூஸ்வெல்ட் மீதான கோபமே அதிகம். ‘மூன்றாம் முறை வேண்டாம்’, ‘மூன்று முறை நல்லவனாக இருக்க எவனாலும் ஆகாது’ என்ற வகையில் பல நூறு வாசகங்கள். அதிபரின் மனைவியையும் விடவில்லை: ‘எலினாரும் எங்களுக்கு வேண்டாம்.’ ஜனநாயகக் கட்சியின் பதில், மூன்றாம் தர ஆளைவிட மூன்றாம் முறை ஆள் மேல் என்பது. இன்று சமூக ஊடகத்தில் ஒரு வரியில் நடக்கும் வசைபாடல் அன்று சட்டையில் நடந்தது. வித்தியாசம், அந்த வரியைத் தெருவில் முகத்தோடு சுமந்தாக வேண்டும்.

1952-ல் வந்தது இவ்வகை முழக்கங்களின் மகுடம்: ‘ஐ லைக் ஐக்’. ஐக் என்பது டுவைட் ஐசன்ஹோவரின் செல்லப்பெயர். எனக்கு ஐக்கைப் பிடிக்கும் என்பதைத் தவிர அதில் ஒரு செய்தியும் இல்லை. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-ல் வெளிவந்த தன் புகழ்பெற்ற கட்டுரையில், மொழியின் கவிதைத் தன்மைக்கு இதையே எடுத்துக்காட்டாக ஆராய்ந்தார். மூன்றும் ஓரசைச் சொற்கள். மூன்றிலும் ‘ஐ’ ஓசை. ‘லைக்’ என்ற சொல்லுக்குள் ‘ஐக்’ முழுவதும் அடங்கியிருக்கிறது. ‘ஐக்’கினுள் ‘ஐ’, அதாவது ‘நான்’, அடங்கியிருக்கிறது. விரும்பும் செயல் விரும்பப்படுபவரை அணைத்துக்கொள்கிறது, விரும்பப்படுபவர் விரும்புபவரை அணைத்துக்கொள்கிறார். எதுகையும் இயைபும் படித்த தமிழ் வாசகருக்கு இந்த ஆய்வு அந்நியமாகவே இருக்காது. தமிழில் எழுதிப் பார்த்தாலே கட்டமைப்பு தெரிகிறது. எதிர்த்து நின்ற அட்லாய் ஸ்டீவன்சனுக்கும் ‘மேட்லி ஃபார் அட்லாய்’ என்று ஓசை நயத்தோடு ஒன்று கிடைத்தது. ஆனால் அவருக்கு நிலைத்த சின்னம் வேறு. மேடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தபோது அவருடைய ஷூவின் அடித்தோலில் இருந்த ஓட்டையை ஃபிளின்ட் நகரப் புகைப்படக்காரர் ஒருவர் படம் எடுத்தார். அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஓட்டை விழுந்த ஷூ அடித்தோலை வெள்ளி நிறத்தில் சிறு ஊசியாக ஆதரவாளர்கள் அணிந்தார்கள். எளிமையின் அடையாளமாக அதைவிட நேர்மையான ஒன்று இந்த வரலாற்றில் குறைவு.

1964-ல் பேரி கோல்ட்வாட்டரின் பெயரை வேதியியல் வாய்பாடாக்கினார்கள்: தங்கத்துக்கு ‘ஏயூ’, நீருக்கு ‘எச்2ஓ’. 1960-களில் சாய்த்தால் படம் மாறும் பேட்ஜ்களும் பரவலாயின. ஸ்பானிய மொழி பேசுவோரிடையே ‘விவா கென்னடி’, யூத வாக்காளர்களுக்காக எபிரேய எழுத்தில் நிக்சன் பெயர் என்று மொழிகளும் பெருகின.

சட்டத்தில் ஒரு ஊசி

பேட்ஜின் வீழ்ச்சிக்குத் தொலைக்காட்சியைக் காரணம் சொல்வது வழக்கம். அது பாதிதான் உண்மை. மிச்சத்துக்குச் சட்டம் காரணம். வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1974-ல் தேர்தல் நிதிச் சட்டம் இறுக்கப்பட்டது. 1976-ல் ஜெரால்டு ஃபோர்டு, ஜிம்மி கார்ட்டர் இருவருக்கும் அரசு நிதியாகத் தலா 2 கோடியே 18 லட்சம் டாலர் தரப்பட்டது. அதற்குமேல் செலவழிக்கக் கூடாது. வரம்புக்குட்பட்ட பணம் தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் போனது. ஊர்களில் உழைத்த தொண்டர்களுக்குக் கொடுக்கப் பேட்ஜும் தட்டியும் இல்லாமல் போனது. அந்தக் குறையைச் சரிசெய்ய 1979-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: தொண்டர்கள் பயன்படுத்தும் ஊசி பேட்ஜ், கார் ஸ்டிக்கர், துண்டறிக்கை, வீட்டு முற்றப் பலகை ஆகியவற்றுக்கு மாநில, உள்ளூர்க் கட்சி அமைப்புகள் செய்யும் செலவு வரம்பில் சேராது. ஆனாலும் பழைய தாராளம் திரும்பவில்லை. இலவசமாகக் கிடைத்த பேட்ஜைக் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கும் நிலை வந்தது.

சட்டத்தோடு பேட்ஜுக்கு இன்னொரு உரசலும் உண்டு. வாக்குச்சாவடிக்குள் பிரசாரம் கூடாது என்பது எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும் விதி. மினசோட்டா மாநிலம் ‘அரசியல் பேட்ஜ், அரசியல் பட்டன், பிற அரசியல் சின்னம்’ எதையும் அணிந்து உள்ளே வரக் கூடாது என்றது. 2010-ல் அடையாள அட்டையைச் சோதிக்கக் கோரும் பட்டன் அணிந்து வந்த ஒருவர் தடுக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 ஜூன் 14 அன்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. சாவடிக்குள் அமைதி காக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு, ஆனால் எது ‘அரசியல்’ என்பதைத் தெளிவாக வரையறுக்காமல் தேர்தல் அலுவலரின் மனப்போக்குக்கு விட முடியாது என்றது தீர்ப்பு. ரகசிய வாக்குக்கும் வெளிப்படையான மார்புக்கும் இடையே 1890-களில் விழுந்த கோட்டை எங்கே வரைவது என்று ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நீதிபதிகள் எடைபோட வேண்டியிருந்தது.

அசலும் போலியும்

சேகரிப்பாளர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் உண்டு; 1945-ல் தொடங்கியது. ‘ஏபிக்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இத்துறைக்கு அடிப்படை நூல், டெட் ஹேக் 1974-ல் வெளியிட்ட படத் தொகுப்பு. 1896 முதல் 1972 வரையிலான பேட்ஜ்களை வகைப்படுத்தி எண் கொடுத்தது. இன்றும் ஒரு பேட்ஜை அடையாளம் காட்ட ஹேக் எண்ணைச் சொல்வது வழக்கம்.

இத்துறையின் தீராத தொல்லை போலி. அவற்றைச் சங்கத்தினர் ‘பிரமஜெம்’ என்கிறார்கள். மலிவுச் சாமான்களுக்குப் பேர்போன இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரப் பெயரின் பேச்சுத் திரிபு அது. எல்லாப் போலியும் ஏமாற்றும் நோக்கில் பிறந்ததல்ல. 1968-ல் கிளீனெக்ஸ் நிறுவனமும் 1972-ல் ஆமோகோ எண்ணெய் நிறுவனமும் பழைய பேட்ஜ்களின் நகல்களை விளம்பரப் பரிசாகக் கொடுத்தன. பின்னாளில் அவை கைமாறி, விளிம்பில் இருந்த குறிப்பைச் சுரண்டிவிட்டு அசலாக விற்கப்பட்டன. இதைத் தடுக்க 1973 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது: அரசியல் நினைவுப் பொருளின் நகல் எதுவானாலும் அது தயாரிக்கப்பட்ட ஆண்டை அழியாதபடி பொறிக்க வேண்டும்.

தேர்ந்த கண்ணுக்குச் சில கேள்விகள் போதும். 1896 முதல் 1912 வரையிலான தேர்தலின் பேட்ஜ் லித்தோ முறையில் தகரத்தில் நேரடியாக அச்சாகியிருந்தால் அது பின்னாள் நகல். அக்காலப் பேட்ஜ்கள் செல்லுலாய்டு. பேட்ஜைத் திருப்பினால் உள்ளே ஒட்டிய தாளில் தயாரிப்பாளர் பெயரும் காப்புரிமைத் தேதியும் இருக்கும். வைட்ஹெட் அண்ட் ஹோக் தாள்களின் வாசகம் காலத்துக்குக் காலம் மாறியதால் ஆண்டைக் கணிக்க அது உதவும். விளிம்பில் எறும்பு அளவில் ஒரு முத்திரை இருந்தால் அது தொழிற்சங்க அச்சகத்தின் அடையாளம். புற ஊதா விளக்கில் தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்த பிற்காலத் தாள் என்று பொருள்.

அசலுக்கு எதிரி ஈரம். செல்லுலாய்டின் விளிம்பு வழியாகக் கசியும் ஈரம் தாளில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும், தகட்டைத் துருவாக்கும். புள்ளி விழுந்த பேட்ஜைச் சுத்தமாக்க வழியில்லை. வெயில் பட்டால் சிவப்பு முதலில் வெளுக்கும். ஈரத் துணியால் துடைப்பதும் ஆபத்து. அமிலமற்ற அட்டையில், வெளிச்சம் குறைந்த உலர்ந்த இடத்தில் வைப்பதுதான் முறை.

இன்றைய தேர்தல்களில் பேட்ஜின் இடத்தைத் தொப்பி பிடித்துக்கொண்டது. 2016-ன் சிவப்புத் தொப்பிதான் அந்தத் தேர்தலின் நினைவுப் பொருள். இருந்தும் ஜூகேட் நின்றுவிடவில்லை. 2020-ன் பைடன்-ஹாரிஸ் இரட்டைப் பட பேட்ஜில் இருக்கும் பெண்மணி, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். அவருடைய தாய்வழித் தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2024-க்கும் அதே இணைக்குப் பேட்ஜ்கள் அடிக்கப்பட்டன. ஜூலை 21 அன்று பைடன் விலகியதும் அவை ஒரே நாளில் பழம்பொருளாயின. சில வாரங்களில் ஹாரிஸ்-வால்ஸ் பேட்ஜ்கள் வந்தன. 1972 அனுபவத்தை வைத்துப் பார்த்தால் விலகிய இணையின் பேட்ஜுக்குப் பெரிய விலை எதிர்பார்ப்பதற்கில்லை.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் 1789 பொத்தான்களில் தொடங்கி இந்தப் பொருட்களைப் பெருமளவில் பாதுகாக்கிறது. அதன் காப்பாளர்கள் பழையதை மட்டும் தேடுவதில்லை. கட்சிகளின் தேசிய மாநாடுகளுக்கே நேரில் போய், பிரதிநிதிகள் அணிந்திருக்கும் பேட்ஜ், தொப்பி, கையால் எழுதிய பலகை ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வருகிறார்கள்.